நான் போட்ட ட்ரை எனக்கு நினைவில்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஜோகூர் மாநிலத்துப் பொந்தியானில் ஒரு ரக்பி ஆட்டம். வார நாளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், சனிக்கிழமையானால் பாடாங் திடலில் இறங்கி மண்ணில் புரளும் கூட்டம் எங்களுடையது. நான் முன்வரிசைத் தடியன். முட்டித் தள்ளுவதோடு என் வேலை முடிந்தது. பந்தோடு ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அதற்கு ட்ரை என்று பெயர். காஹாங்கில் பள்ளிக்கூடத்தில் ஆட ஆரம்பித்தவன், அதுவரை ஒரு ட்ரைகூடப் போட்டதில்லை.

அன்று போட்டுவிட்டேன். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருவனை வீழ்த்தப் பாய்ந்ததும் அவன் முட்டி என் பொட்டில் இடித்ததும்தான். அடுத்து நான் நண்பனின் காரில் உட்கார்ந்திருக்கிறேன், ஆட்டம் முடிந்திருக்கிறது. இடையில் எழுந்து ஆடி, ட்ரையும் போட்டிருக்கிறேன். யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். என் பெண்கள் இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். இத்தனை சந்தோஷத்துக்கு நடுவில், எனக்கு அது நினைவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம் வேறு. தலை கனத்தபோதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அயர்லாந்தின் பழைய ரக்பி வீரர் ஒருவர் மனைவியோடு ஜோகூர் பாருவுக்கு வந்திருந்தார். நாட்டுக்குக் கேப்டனாக இருந்தவர். மூக்கு உடைந்தும் களத்தை விட்டு வெளியே வராதவர் என்று எங்கள் அணிப் பையன்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஊர் சுற்ற வந்த மனிதரை எங்கள் கேப்டன் எப்படியோ பிடித்துப் பயிற்சிக்குக் கூட்டிவந்துவிட்டான்.

ஆடி முடித்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ரக்பிக்காரர்கள் வழக்கம். அவர் ஊரில் பீர், எங்களுக்கு மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரும். தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப இறங்கி அவர் ஜெயித்துக் கொடுத்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தைப் பற்றி ஒருவன் கேட்டான். அதைத் தானும் டிவியில்தான் பார்த்ததாகவும், பார்த்த வரையில் நன்றாகவே ஆடியிருப்பதாகவும் அவர் சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். என் ஆங்கிலம் புரியவில்லை போலும் என்று நினைத்து, நிறுத்திச் சொன்னேன். தே தாரிக் வந்தபோது அதே சிரிப்போடு, அதே ஆசையோடு, இன்னொரு தடவை கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி, இவருக்கு இரண்டு பெண்கள், சின்னவள் சைக்கிள் பழகப் போகிறாள் என்று சொன்னார். குரலில் சலிப்பு இல்லை. எத்தனை வருடமாகவோ செய்துவரும் வேலை அது என்று தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கிளம்புமுன் எங்கள் கேப்டனைத் தனியே இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

"மச்சான், நீ இல்லன்னா முன்னால யார நிறுத்துறது?" என்றான். பிறகு அவனே என் தோளில் கை போட்டான். "சரி விடு. ஃபைனல் அடுத்த வருசமும் வரும்லா. மொதல்ல போயி டாக்டர்ட்ட தலைய காட்டு."

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை.

"அப்ப அந்த வீடியோவ பாத்து எங்களோட சேந்து சிரிச்சீங்களே?"

"நானும் அப்பத்தான் மொதல்ல பாத்தேன்."

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் டாக்டர், இது ஆறுமுன் இன்னொரு இடி விழுந்திருந்தால் என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நான் அதன்பின் ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, தலையில் அடிபட்டவனை உள்ளே விடாமல் பிடித்து வைப்பேன், நன்றாகத் திட்டும் வாங்குவேன்.

அந்த ட்ரை போட்டபோது எப்படி இருந்தது என்று சின்னவள் இன்னும் கேட்பாள். தெரியாதும்மா என்பேன். ஆனால் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு முன்னால் அவள் முதல் தடவை தனியாகச் சைக்கிள் விட்டுவந்து என் மேலேயே மோதி விழுந்தாளே, அது ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது. அது போதும் எனக்கு.