புது வேலிக்கும் அப்பாவின் படகுக்கும் நடுவே

குளிர்காலம் முடியும்வரை அப்பாவின் மோட்டார் படகு எங்கள் வீட்டின் பக்கவாட்டில் நிற்கும். காரைப் பின்னுக்கு எடுத்து, படகை ட்ரெயிலரோடு உள்ளே விடுவது அப்பாவின் வேலை. இப்போது அவருக்குத் தோளில் சத்திரசிகிச்சை. அதனால் இன்று நான்.

ஒரு பக்கம் எங்கள் சுவர். மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட புது வேலி. அவர் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். வேலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வீட்டு அங்கிளும் வந்துவிட்டார். “ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டு பிள்ளை.”

“ட்ரெயிலருக்கு எதிர்ப்பக்கம் வெட்ட வேணும். வலம், வலம்,” என்றார் அப்பா.

“யுனிவர்சிட்டி முடிச்ச பிள்ளை. அவளுக்குத் தெரியாதே?” என்றார் அங்கிள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான்தான். ட்ரெயிலருக்கு அங்கே பாடம் இருக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்குமாக எடுத்து எடுத்து, கடைசியில் வேலிக்கு ஒரு சாண் தள்ளிப் படகு உள்ளே போனது. பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் நான் காரை நிறுத்தினேன்.

அப்பா சுவர்ப்பக்க இடுக்கால் நுழைந்து படகின் பின்புறம் போய் எஞ்சினைப் பார்த்தார்.

“பிள்ளை, இதை இன்னும் கழுவேல்லை. நல்ல தண்ணி விட்டு ஓடவிடாட்டி கடலுப்பு அரிச்சுப்போடும். எங்கட தண்ணி ஹோஸ் இஞ்ச வரைக்கும் எட்டாது. ஒருக்கா வெளியில எடுப்பமே?”

எங்கள் ஊர் நோபல் பார்க்கில் யாரிடமாவது நீளமான ஹோஸ் இருந்தால் உடனே சொல்லுங்கள். நான் இன்னும் காருக்குள்தான் இருக்கிறேன். முன்வீட்டு அங்கிள் உட்கார்ந்து பார்க்கக் கதிரை எடுத்துவரப் போயிருக்கிறார்.