சளி டப்பாவில் உப்பு

மாசக்கணக்கில் டிபி மாத்திரை விழுங்கியும் எனக்கு இருமல் நிற்கவில்லை. மரக்காணம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் மார்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எந்த மருந்துக்கு உன் கிருமி சாகுது, எதுக்குச் சாகலைன்னு தெரியணும்மா. சளியை லேபுக்கு அனுப்பினா, அங்க கிருமியை வளத்து ஒவ்வொரு மருந்தா குடுத்துப் பாப்பாங்க. அதுவரைக்கும் பாப்பா தள்ளியே இருக்கட்டும்."

பாப்பா ஏற்கெனவே தள்ளித்தான் இருந்தாள். நாலு வயசுப் பிள்ளையைத் திண்டிவனம் பக்கம் என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் உப்பளத்துக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். சோற்றை வாசலில் வைத்துவிட்டு, "சாப்டும்மே" என்று நகர்ந்துவிடுவார். பேச ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும் கொடியைக்கூட அவிழ்த்துத் தூரமாகக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளட்டும், மகராசி.

காலையில் எழுந்ததும் அடிநெஞ்சிலிருந்து இருமி டப்பாவில் துப்பினேன். என் வீட்டுக்காரர்தான் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வாரங்கள் போன பிறகு நர்ஸம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கிருமி வளரவேயில்லம்மா."

ஒழிந்தது சனியன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒழியலம்மா. மைக்ராஸ்கோப்ல தெரியுது. ஆனா உயிரோட இருந்தாத்தானே வளரும்? வளந்தாத்தானே மருந்து குடுத்துப் பாக்க முடியும்? டப்பாவுல ஏதாவது கலந்தீங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கணுமே, கெட்டுப்பூடுமேன்னு ஒரு கை உப்பு போட்டேங்க. மீனுக்கெல்லாம் போடறதுதானே."

நர்ஸம்மா மாஸ்க்குக்கு மேலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், என் சளியை ஊறுகாயா போட்ட? உனக்கு அறிவு கிறிவு இருக்குதா?"

"கெடாம போய்ச் சேரணும்னுதாம்மே..." என்றார் தரையைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர்மேல் கோபம் அதற்குள் ஆறியிருந்தது. இன்னொரு தடவை அனுப்பி, மறுபடி வாரக்கணக்கில் இந்த நாலு சுவரோடு கிடக்க வேண்டுமே என்ற பயம்தான். செத்துத் தொலை என்று தினமும் சபித்த கிருமியை, இந்தத் தடவையாவது நல்லபடியாக வளர்ந்து தொலை என்று வேண்டிக்கொண்டேன். என்ன பிழைப்பு இது!

காத்திருந்த நாளில் ஒருமுறை தங்கச்சி வீடியோ கால் போட்டாள். பாப்பா மூலையில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது பக்கத்தில் போனால், "கிட்ட வராத!" என்று கத்தினாள்.

"அம்மா விளையாட்டாம்கா. தெனம் இதேதான்," என்றாள் தங்கச்சி. நான் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு வாசலில் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

இரண்டாவது சளியில் கிருமி வளர்ந்தது. நான் விழுங்கியதில் ஒரு மாத்திரைக்கு அது மசியவேயில்லை, மற்றவற்றுக்குக் கேட்கும் என்று முடிவு வந்தது. மாத்திரையை மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இருமல் நின்றது. மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, இனி பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் போய்க் கூட்டிவந்தார். பாப்பா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் எங்க நிக்கட்டும்?"

மடியைத் தட்டிக் காட்டினேன். அவள் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள்.