சயரூன் பீபியின் எச்சில்

சயரூன் பீபி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். லண்டன் ஸ்டெப்னியில், மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில், பாக்குவெட்டியைப் பார்க்காமலே வெட்டினாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலைத் துணுக்கும் வைத்து மடித்து, இடக்கன்னத்தில் ஒதுக்கினாள். வலக்கன்னத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. ரெண்டாவது குழாயும் சரியில்லையாம்" என்றாள் மகள் ருஷ்னா.

"அவங்க மெஷின் சரியில்ல."

எனக்கும் சயரூனுக்கும் வங்கதேசத்துச் சில்ஹெட்டில் பக்கத்துப் பக்கத்து ஊர். இந்தக் கட்டடத்தில் முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து ஓய்வுபெற்றவள் நான்; எல்லோருக்கும் ஆபா, அக்கா. இப்போது இதய நோய் ஆராய்ச்சி ஒன்றுக்காக, எங்கள் ஆட்களிடம் எச்சில் வாங்க வீடு வீடாகக் குழாய் கொண்டுபோகிறேன்.

சயரூனின் மகன் துஃபாயேல் டாக்ஸி ஓட்டினான். ஒருநாள் காரை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இறந்துபோனான். நாற்பது ஆகவில்லை. இதயத் தசை தடித்திருந்ததாம். அவன் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. தங்கை ருஷ்னாவுக்கும் அதே மாற்றம். அவனைக் கொன்றது அதுதானா, இல்லை எங்கள் ஊரில் பலருக்கும் சும்மா இருக்கிற ஒன்றா என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரர்களின் மரபணு. எங்களுடையதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவியை ருஷ்னாவின் நெஞ்சில் வைப்பதா வேண்டாமா என்பது இதனால் முடிவாகாமல் கிடந்தது. தகப்பன் இல்லை. தாயைப் பார்க்கலாம் என்றார்கள். ஸ்கேனில் சயரூனின் இதயம் நன்றாக இருந்தது. அவளுக்கும் அந்த மாற்றம் இருந்தால், அது ஆளைக் கொல்லாத வகை என்று நினைக்கக் கொஞ்சம் இடமுண்டு. அவளிடம் ரத்தம் எடுக்க இரண்டு நர்சுகள் முயன்றார்கள். நரம்பு அகப்படவில்லை. அதனால் எச்சில்.

முதல் குழாய் செங்கல் நிறத்தில் போனது.

"அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன்.

"சாப்பிடலையே ஆபா. வெத்தல என்ன வயித்துக்கா போகுது?"

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பெண்கள் முக்கால்வாசிப் பேர் இதையே சொன்னார்கள். குழாயோடு வந்த காகிதத்தில் சிகரெட், காப்பி, சூயிங்கம் எல்லாம் கூடாதென்று போட்டிருந்தது. வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியவர் வெற்றிலையைக் கண்டதில்லை போலும். நான் வாயால் சொல்லிவிட்டு வந்த பிறகும் இரண்டாவது குழாய் சிவப்பாகத்தான் போனது.

"வாயில எதுவும் இல்லன்னு சொன்னியே" என்றேன், இப்போது அவள் எதிரில் உட்கார்ந்து.

"நாக்குல இல்ல. கன்னத்துலதான் இருந்துச்சு. நீங்க என்ன போலீஸா?"

"போலீஸ் உன் வாய்க்குள்ள கைய விடாது. நான் விடுவேன்."

ருஷ்னா சிரிக்கவில்லை. "அம்மா, நோன்புல பகல் பூரா வெத்தல இல்லாம இருக்கீங்க. இதுக்கு அரைமணி நேரம் முடியாதா?"

"நோன்பு அல்லாவுக்கு. இது அந்தக் கண்ணாடிக்கார டாக்டரம்மாவுக்கு."

"இது எனக்கும்மா."

பாக்குவெட்டி நின்றது. சயரூன் தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டேர்ந்துதான் அவனுக்குப் போச்சுன்னு சொல்லிட்டா?"

அப்படியானால் தப்பு வெற்றிலையின் மேல் இல்லை, இந்தப் பயத்தின் மேல்.

"சொன்னா சொல்லட்டும்" என்றேன். "உனக்கு உங்கம்மா கொடுத்திருப்பா, அவளுக்கு அவங்கம்மா. யாரும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கல. அந்த மூக்கையும்தான் நீ புள்ளைங்களுக்குக் கொடுத்த. அதுக்கு மன்னிப்புக் கேட்டியா?"

"அதுக்குக் கேக்கலாம்" என்றாள் ருஷ்னா, மூக்கைத் தடவிக்கொண்டு.

சயரூன் எழுந்துபோய் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள். வந்த கையோடு அடுத்ததை மடித்தாள்.

"நாளைக்குக் காலைல வாங்க ஆபா."

மறுநாள் அதிகாலைத் தொழுகை முடிந்து போனேன். எழுந்ததிலிருந்து வாயில் எதுவும் போடவில்லை என்றாள். கன்னங்களைத் தடவிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் வாய் காய்ந்துகிடந்தது. குழாயில் நுரைதான் விழுந்தது. நுரை கணக்கில் வராது. ருஷ்னா ஒரு சாத்கோராவை, எங்கள் ஊர் புளிப்புக் காயை, அரிந்து தாயின் மூக்கடியில் பிடித்தாள். எச்சில் ஊறியது. கோடு வரைக்கும் நிரம்பியது.

சயரூன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் நிறமே இல்லை. "இது என்னுதா?" என்றாள்.

பெட்டியில் போட்டு ஒட்டினோம். தபாலில் தானே சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டினாள். வாசலில் என் பையைப் பார்த்தாள்.

"இன்னும் குழாய் இருக்கா?"

இருந்தது. ஒன்றை உருவிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். லால்பானு திறந்தாள். கன்னம் உப்பியிருந்தது.

"துப்பிட்டு வா" என்றாள் சயரூன்.

சம்மதக் கையெழுத்தெல்லாம் அப்புறம் நான்தான் வாங்கினேன்.