குயில் இரண்டில் பஸ் நிற்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கையில் எடுப்பேன், பிறகு அதை வைத்துவிட்டு செபமாலையை எடுத்துக்கொள்வேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்து ஓடாது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. ஒரு பஸ் நிறுத்தத்தைப் பற்றி நான் எழுதப்போய், படிக்கிறவர்கள் அதை இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த சண்டையாக ஆக்கிவிடுவார்களோ என்ற பயம். ஆனால் எழுதாமலேயே அப்படி ஆகிவிட்டது. பாரோயில் ஒரு கல்யாண வீட்டில், என்னை யாரென்று தெரியாமல் ஒருவர் எங்கள் ஊர்க் கதையை எனக்கே சொன்னார். அதில் கல்லெறி இருந்தது, போலீஸ் வந்தது, நாங்கள் கோர்ட்டுக்குக்கூடப் போயிருந்தோம். சாப்பிட்ட பிரியாணி எனக்குச் செரிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மாதா துணை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிரம்பானிலிருந்து பாரோய் தாண்டி கோலா கிளாவாங் பக்கம் ஏறும் சாலையில். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தோட்டத்தில் பாதியை விற்றபோது, எங்களுக்குச் சாலையோரம் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடு மாறினாலும், தோட்டத்து வீட்டு வரிசைக்குச் சொன்ன ‘லயம்’ என்ற பேர் மாறவில்லை. மேட்டில் இருப்பது மேல் லயம், பள்ளத்தில் இருப்பது கீழ் லயம். நடுவில் ஒரு ஆறு, அதன்மேல் பழைய குறுகல் பாலம். மேல் லயத்து முனையில் எங்கள் மாதா கோயில். கீழ் லயத்து முனையில் அம்மன் கோயில். எங்கள் வீடு மேல் லயத்தில்.

டவுன் பஸ் மேட்டிலிருந்து இறங்கி வரும். முதலில் மேல் லயம், பிறகு பாலம், பிறகு கீழ் லயம், அப்புறம் சிரம்பான். பழைய காலத்தில் யார் கையைக் காட்டினாலும் நிற்கும், அதனால் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது.

என் மனைவி சிரம்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் காலைச் சமையல் செய்கிறாள். விடியுமுன் பஸ் பிடித்துப் போய்க் கஞ்சி வைக்க வேண்டும். எனக்கு இரவு ஜாகா வேலை, ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல். நான் மோட்டர் சைக்கிளில் வீடு வந்து சேரும்போது அவள் கிளம்பியிருப்பாள். கொண்டுபோய் விட வழியில்லை. ஆயுசு முழுவதும் எனக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்தவள், ஒரு வார்த்தை பாராட்டு வாங்கியதில்லை. அங்கே பல் இல்லாத கிழவர்கள் இவள் கஞ்சிக்காகத் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வேலை போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

பஸ் வழியைச் சீர்படுத்தப் போகிறோம் என்று நகராண்மையிலிருந்து வந்து பாலாய்ராயாவில், அதாவது எங்கள் பொது மண்டபத்தில், கூட்டம் போட்டார்கள். வந்தவர் ஒரு இளம் மலாய்க்கார அதிகாரி, மரியாதையான பெண். நிறுத்தங்களைக் குறைத்தால் பஸ் நேரத்துக்கு ஓடும் என்றார். உங்கள் ஊருக்கு ஒரே நிறுத்தம், ஆனால் நல்ல நிறுத்தம்: கூரை, பெஞ்சு, ரோடு கடக்க வெள்ளைக் கோடு, நடக்கிறவர்களுக்குப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. எங்கே வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்: “கோயில்கிட்ட.”

மேல் லயமும் சொன்னது, கீழ் லயமும் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு ஒற்றுமையான ஊரைத் தான் பார்த்ததில்லை என்றார். எங்கள் லயத்துச் சரித்திரத்தில், தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்து தீபாவளிப் பந்தல் வரைக்கும், ஒரு கூட்டத்திலாவது எல்லாரும் ஒத்துப்போனது கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மைலோ குடித்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

சில மாதங்கள் கழித்து லாரி வந்து கம்பி இறக்கியது. அம்மன் கோயில் வாசலில். நீலக் கூரை, வழவழவென்று பெஞ்சு, வெள்ளைக் கோடு எல்லாம் அங்கேயே. சைக்கிள் பாதைக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். அது நிறுத்தத்தில் புறப்பட்டு ஆறு வரைக்கும் அழகாக வந்து, பாலத்தைப் பார்த்ததும் பயந்தது மாதிரி நின்றுவிட்டது. பக்கத்தில் போட்ட நடைபாதையும் அங்கேயே நின்றது. எங்கள் மாதா கோயில் முன்னால் இருந்த பழைய கம்பத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

இனி என் மனைவியின் நிலைமையைக் கேளுங்கள். பஸ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். நிற்காது. அதே பஸ்ஸைப் பிடிக்க, அது வருவதற்கு முன்பே இவள் இருட்டில் இறங்கி, பாலத்தைக் கடந்து, கீழ் லயத்தில் போய் நிற்க வேண்டும். பாலத்தில் நடக்கிறவர்களுக்கு இடமே இல்லை. மேட்டிலிருந்து மணல் லாரி இறங்கினால் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். வேலையை விட்டுவிடு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. நான் மறுபடி சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மன் கோயில் பண்டாரம். அங்கே பூசை வைப்பவர் அவர்தான். ஆனால் குடியிருப்பது எங்களோடு மேல் லயத்தில். தினமும் விடியுமுன் பூவும் தேங்காயும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடப்பார். இவளுக்குத் துணையாகச் சில நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டே கூட நடப்பார். அப்படி ஒரு நாள், பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வந்துவிட்டது. ஒதுங்கப்போன பண்டாரம் சைக்கிளோடு சாய, சைக்கிள் இவள்மேல் சாய, இவள் கம்பியைப் பிடிக்கப்போய் மணிக்கட்டு பிசகிவிட்டது. தேங்காய்கள் உருண்டு ஆற்றில் விழுந்தன. லாரிக்காரன் நிற்கவே இல்லை. பஸ்ஸும் அவர்களைத் தாண்டிப் போய், கோயில் வாசலில் ஆளில்லாத பெஞ்சுக்கு முன்னால் மரியாதையாக நின்றுவிட்டுப் புறப்பட்டதாம்.

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த பஸ்ஸில் போனாள். கஞ்சி தாமதம். இல்லத்து மேலாளர் அம்மா நல்லவர்தான், திட்டவில்லை. இனி ஒருமுறை இப்படி ஆனால் பக்கத்திலேயே இருக்கிற ஆளாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வீங்கிய கையோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. கோயில்காரர்கள் யாரையோ பிடித்து பஸ் ஸ்டாப்பைத் தின்றுவிட்டார்கள் என்றது மேல் லயம். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு இப்போது பொறாமைப்படுகிறார்கள் என்றது கீழ் லயம். பாலத்தடி ஒட்டுக்கடையில் நான் தேத்தண்ணி வாங்கப் போனபோதுகூட, கீழ் லயத்து வேன் டிரைவர் ஒருவர், “என்னாலா, உங்க மாதாவுக்கும் பஸ்ஸு வேணுமா? அவங்க மேகத்துலதானே வருவாங்க” என்று குத்தினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மாதாவைச் சொன்னதற்காக மட்டும் இல்லை. என் மனைவியின் கை ஞாபகம் வந்தது.

“கூட்டத்துல என்னான்னு சொன்னோம்?” என்று கேட்டேன்.

“கோயில்னு சொன்னோம். கோயில்லதான் வச்சிருக்கான்.”

“நாங்களும் கோயில்னுதான் சொன்னோம். எங்க கோயில.”

டிரைவர் கையில் இருந்த ரொட்டி பாதியில் நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த பண்டாரம்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நம்ம வாயில ரெண்டும் கோயிலு. அந்தப் பொண்ணு காதுல விழுந்தது குயிலு.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலாயில் இந்துக் கோயிலைக் ‘குயில்’ என்பார்கள். நம் ‘கோயில்’தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கும். கிறிஸ்தவர்களின் ஆலயத்துக்கு ‘கெரேஜா’ என்று வேறு சொல். ஆனால் நாங்கள் தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிறோம் என்றுதான் சொல்லி வளர்ந்தவர்கள். பூசைக்குப் போகிறோம் என்போம், சாமியார் வந்தார் என்போம். பண்டாரமும் அதே சொற்களைத்தான் சொல்வார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, யார் எதைச் சொல்கிறோம் என்று ஒருநாளும் எங்களுக்குக் குழம்பியதே இல்லை. ஒரு பஸ் வந்துதான் குழப்பியது.

மறுநாள் பண்டாரமும் நானும் என் மோட்டரில் நகராண்மைக்குப் போனோம். அவர் நெற்றியில் பட்டை விபூதி, என் கழுத்தில் சிலுவை. முதல் கவுண்டரில், நிறுத்தம் எங்கள் வேலை, ஆனால் ரோடு வேறு இலாகா என்றார்கள். இரண்டாவதில், பாலம் ரோட்டில் சேராது என்றார்கள். இன்னொரு இடத்தில், பஸ் எங்கே நிற்பது என்று பஸ் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். ரோடு ஒருத்தருக்கு, பாலம் ஒருத்தருக்கு, பஸ் ஒருத்தருக்கு. கை மட்டும்தான் என் மனைவிக்கு. மாதாவே பொறுமையைக் கொடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பிற்பகல் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அந்த இளம் அதிகாரியே எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஊரே சேர்ந்து கேட்ட இடத்தில்தானே வைத்தோம் என்றார், பாவம், உண்மையான வருத்தத்தோடு. எங்களுக்குத் தெரிந்த மலாயில் விளக்கினோம். அவருக்குப் புரியவில்லை. விபூதி பூசியவர் ஏன் தன் கோயில் வாசலில் இருக்கும் நிறுத்தத்தை கெரேஜாவுக்கும் கேட்கிறார் என்பதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். பண்டாரம் என் தோளைத் தட்டி, அவரைப் ‘புவான்’, அதாவது அம்மா, என்று மரியாதையாக அழைத்து, மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: “அதுவும் குயில்தான், புவான். இவருடைய குயில். என் வீடு அங்கேதான்.”

பிறகு நான் மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். சில நாள் கழித்து, விடியுமுன், ஆபீஸ் சப்பாத்துக் காலோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவியோடு பாலத்தில் நடந்தார். பாதியில் லாரி இறங்கியது. அந்தப் பெண் இவளுடைய நல்ல கையை இறுகப் பிடித்துக்கொண்டு, லாரி போன பிறகும் விடாமல் நிறுத்தம் வரைக்கும் வந்தாராம். “பாவங்க, கையெல்லாம் சில்லுன்னு இருந்திச்சு. நாந்தான் சமாதானம் சொன்னேன்” என்றாள் என் மனைவி.

அதற்கப்புறமும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு தவக்காலம் போய் ஈஸ்டர் போய், அம்மன் கோயில் திருவிழாவும் முடிந்தது. அது வரைக்கும் பண்டாரம் தினமும் இவளைப் பாலம் கடத்திவிட்டார். அந்த டிரைவர்கூட, மேகத்தைப் பற்றிப் பேசியவர்தான், தன் வேனில் சில நாள் ஏற்றிக்கொண்டு போனார். கஞ்சி ஒருநாளும் தாமதமாகவில்லை. எங்களுக்குள் நடந்த சண்டை என்றால் இவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் எங்கள் மாதா கோயில் முன்னால் ஒரு கம்பம் நட்டார்கள். கூரை கிடையாது, பெஞ்சும் கிடையாது. கம்பமும் அதில் ஒரு பெயர்ப்பலகையும் மட்டும். நான் வேலை முடிந்து வந்து, மோட்டரை நிறுத்திப் படித்தேன். கீழே அம்மன் கோயில் நிறுத்தத்தில் ‘குயில்’ என்று இருக்கும். இங்கே ‘குயில் 2’ என்று எழுதியிருந்தது. நாங்கள் அவ்வளவு நன்றாக விளக்கியிருந்தோம்.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் எங்கள் சாமியார் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். கெரேஜா என்று மாற்றச் சொல்லி மேலே சொல்வோம் என்றார். நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்: சாமி, வேண்டாம், மாற்றுகிறோம் என்று வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள், நடுவதற்கு யார் வருவார்கள்? அவர் யோசித்துவிட்டு, சிரித்துவிட்டு, விட்டுவிட்டார். லயத்துப் பிள்ளைகள் இப்போது எங்கள் பூசைக்கே ‘குயில் ரெண்டு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாலத்தில் இன்னும் நடக்க இடம் இல்லை. பண்டாரம் இன்னும் அதே பாலத்தில்தான் சைக்கிள் உருட்டுகிறார். சிவப்புச் சாயம் வெளுத்துவிட்டது. எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

என் மனைவியிடம் பேரைப் பற்றிச் சொன்னபோது, “பேரு என்னவா இருந்தா என்னங்க? நிக்குதில்ல” என்றாள். நின்றது. அவள் வீட்டுக் கதவைச் சாத்தி, மாதாவைப் பார்த்து ஒரு சிலுவை போட்டு, ஏறிப்போகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். சுவைக்காகக் கல்லெறி சேர்க்காதீர்கள். போலீஸ் வரவில்லை. முக்கியமாக, கேட்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று நான் ‘கோயில்’ என்று எழுதிய இடத்தில் ‘சர்ச்’ என்று மாற்றிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால், நாங்கள் சண்டை போட்டோம் என்றுதான் ஆகும்.