கொஞ்சம் திரும்பிய கண்ணாடி

அந்தத் தெருவில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. கடையின் முன்பக்கம் குளுகுளுவென்று ஏசியும் பளபள அலமாரியும். பின்னால் தேய்ப்பு இயந்திரத்தின் கிரீச்சும், நகக்கண்ணில் ஏறிய வெள்ளைத் தூளும், பவர் அக்காவும்.

அவள் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். கண்ணாடி போட வந்த இடத்தில்தான் அவளைப் பார்த்தார். அவள் செய்து கொடுத்த முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் நேரே தரையைப் பார்த்து, "இங்க டைல்ஸ் ஒட்டின மகராசன் யாரு? மூணாவது வரிசை பாம்பு மாதிரி நெளியுதே!" என்றாராம். அவள் விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து வேறு யார் கையும் அவர் கண்ணாடியில் பட்டதில்லை. "ஊரு உலகமெல்லாம் கண்ணால பாக்குது. நான் என் பொண்டாட்டி கையால பாக்குறேன்" என்று வேலைக்குப் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்த ஒரு நம்பிக்கைதான் அவர்கள் வீட்டுச் சொத்து. அதற்குத்தான் ஆபத்து வந்தது.

பவர் அக்கா கதை எழுதுவாள். குடும்பக் கதை இல்லை, மனதுக்குள் புகுந்து பயமுறுத்துகிற கதை. இரண்டு நாவல்கள் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. மூன்றாவதை வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அந்தப் பதிப்பகத்தில் முடிவையும் சேர்த்துச் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் எழுதிக் கொடுத்தாள்: கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி, கணவனின் வட்டக் கண்ணாடியில் திருகைத் தளர்த்தி, லென்ஸை வாராவாரம் மயிரிழை திருப்பி வைக்கிறாள். அவனுக்குத் தரை சாய்கிறது, சுவர் வளைகிறது. புத்தி பேதலித்துவிட்டதென்று அவனே நம்பிவிடுகிறான். கடைசியில் மாடிப்படியில் உருண்டு சாகிறான். விசாரிக்க வந்தவர்களிடம் அவள் கண்ணீரோடு சொல்வது ஒரே வாக்கியம்: "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

பதிப்பாசிரியை போனில் கூப்பிட்டாள்.

"மேடம், சுருக்கத்தைப் படிச்சிட்டு என் கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சிட்டேன். அவ்வளவு பயம். ஆனா..."

"ஆனான்னு இழுக்காதீங்க. சொல்லிடுங்க."

"பொண்டாட்டி பேசுற இடமெல்லாம் நெருப்பு. புருஷன் பக்கம் வந்தா பொசுக்குன்னு அணைஞ்சுடுது. அவன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு உங்களுக்கே தெரியல. அத மட்டும் எழுதி அனுப்புங்க, போட்டுடலாம்."

எப்படித் தெரியும்? அனுபவித்தால்தானே தெரியும். அவள் கண்ணுக்கும் கணவர் கண்ணைப் போலவே சிலிண்டர் பவர் உண்டு. அந்த லென்ஸ் பிரேமுக்குள் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் உலகம் கோணிக்கொள்ளும். அன்று மதியம், பின்னறையில் தனியாக இருந்தபோது, தன் கண்ணாடியின் திருகைத் தளர்த்தி, இரண்டு லென்ஸையும் லேசாகத் திருப்பி, மறுபடி முடுக்கினாள்.

கதவு நிலை சாய்ந்து நின்றது. மேசையின் ஒரு மூலை மட்டும் அவளை நோக்கி நீண்டது. வீட்டுக்குப் போகும் வழியில் தெருவே ஒரு பக்கமாக ஒழுகியது. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினாள். எல்லாவற்றையும் சுடச்சுட எழுதினாள். நாள் போகப் போகச் சாய்வு தெரியாமலே போயிற்று. மூளை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டது. கோணலே அவளுக்கு நேராகிவிட்டது. அதையும் எழுதினாள், உடம்பு சில்லிட.

அந்த நாட்களில்தான் ஒரு காலையில் கணவர் உடைந்த பிரேமோடு வந்து நின்றார்.

"ஏம்மா, பலகை விழுந்து பிரேம் போச்சு. லென்ஸ் தப்பிச்சிருச்சு. வேற மாட்டிக் குடேன்."

"தலை தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படுங்க" என்று சிரித்தபடி வாங்கி, புது வட்ட பிரேமில் லென்ஸை வைத்து, கண்ணுக்கு நேரே பிடித்து நிதானம் பார்த்து, திருகை இறுக முடுக்கிக் கொடுத்தாள். மனம் பாதி கதையில் இருந்தது.

எழுதி முடித்து அனுப்பியதும் தன் கண்ணாடியைப் பழையபடி சரிசெய்துகொண்டாள்.

கணவருக்கோ அதற்குள் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டில் ஒட்டிய தரையை எழுந்து நின்று பார்த்தார், வரிசை சாய்ந்திருந்தது. ரசமட்டத்தை வைத்தார், சுவரிலிருந்து அளந்தும் பார்த்தார். எல்லாம் சரி என்றன. கண் மட்டும் இல்லை என்றது. கண்ணை நம்பி வரிசையைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, தண்ணி கிண்ணி போட்டுட்டு வேலை செஞ்சியா?" என்றார். அவர் அதை மனைவியிடமும் சொல்லவில்லை. கண்ணாடியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை; தன்னைத்தான் சந்தேகித்தார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நடையில் சுவரைத் தடவியபடி வருகிறார். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். அவளைப் பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறார். அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் வீட்டுக்குள் நடமாடுவது போலிருந்தது. கதையிலிருந்து எழுந்து வந்துவிட்டானா அவன்?

"உடம்புக்கு என்னங்க?"

"வயசாகுதில்ல" என்றார்.

பதிப்பகம் நாவலை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்த மாலை, மாடியில் குடியிருக்கும் நாத்தனார் கதையின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அண்ணா, ஜாக்கிரதை! அண்ணி உன்னை மேல அனுப்பத் திட்டம் போட்டுட்டாங்க. இதக் கேளு. 'அவன் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினான். லென்ஸ் திரும்பியிருப்பது அவனுக்குத் தெரியவில்லை'. அப்பப்பா! அண்ணி, நீங்க சாதாரண ஆளில்ல!"

நாத்தனார் கலகலவென்று சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய உள்ளங்கை அந்த நேரத்தில் சுவரின் மேல் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வேறொரு கண்ணாடிக் கடைக்குப் போனார். திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி நடுவில் வைத்தார்.

"ரெண்டு லென்ஸும் திரும்பியிருக்காம். தானா திரும்பலையாம். திருகு இறுக்கமா இருக்கு, யாரோ திருப்பி வெச்சுத்தான் முடுக்கியிருக்காங்கன்னு சொல்றான்."

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தன் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்த நாட்களில்தானே இதை மாட்டினாள்!

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

அவர் நிமிர்ந்தார்.

"கதையில அந்தப் பொம்பளையும் இதத்தானே சொல்றா?"

அவள் கையைப் பிசைந்தாள், அழுதாள், நடந்ததையெல்லாம் கொட்டினாள். "கோணலா இருந்த என் கண்ணுக்கு நேராத் தெரிஞ்சதுங்க. அத நம்பி முடுக்கிட்டேன். உங்களுக்குக் கெடுதல் நினைப்பேனா? அந்தப் பாழாப்போன கதையே வேணாம். இப்பவே திருப்பி வாங்கிடறேன்!"

"வேணாம். திருப்பி வாங்கினா நான் உன்னை நம்பலைன்னு ஆயிடும். வரட்டும்."

"அப்ப நம்புறீங்களா?"

"நம்பணும்னுதான் பாக்குறேன்" என்றார்.

புத்தகம் அச்சுக்குப் போனது. அவர் அந்த வேறு கடையிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டார். தரை நிமிர்ந்தது, சுவர் நிமிர்ந்தது, பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். வீட்டில் கோபமில்லை, சண்டையில்லை. முன்னைவிட அன்பாகவே பேசினார். ஆனால் அவள் அறைக்குள் நுழைந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

பொறுத்துப் பார்த்தாள். ஒரு மாலை கேட்டேவிட்டாள்.

"ஏங்க, நான் வந்தா மட்டும் ஏன் கழட்டிடறீங்க?"

அவள் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கோ பார்த்துச் சிரித்தார்.

"இது இல்லாம பாத்தா நீ பழைய மாதிரியே இருக்கே. அதான்."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள், கண்ணாடியே தேவைப்படாத தூரத்துக்கு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.