என் சட்டைப் பையில் இருந்த பிரசங்கம்

ஒரு மனிதனின் வாயை அடைக்கும்படி நான் ஜெபம் செய்தேன். மூன்று வாரம், தினமும் காலையில், முழங்காலில் நின்று. அந்த ஜெபம் கேட்கப்பட்டது. சாட்சி எழுதுகிறவர்கள் பொதுவாகத் தங்களுக்கு வந்த நோயையோ ஆபத்தையோ சொல்லித்தான் தொடங்குவார்கள். எனக்கு அப்படி வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆபத்தாக இருந்தவன் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும் இருந்தோம். எங்கள் சபையில் போதகரைத் தவிர, வேறு வேலை பார்த்துக்கொண்டே பிரசங்கம் செய்கிற சபைப் பிரசங்கிமார் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் செயலாளர். யார் எந்த ஞாயிறு, எந்த வேதபகுதி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை போடுவது என் வேலை. நானும் இருபது வருடமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். இலக்கணம் பிசகாமல் பேசுவேன். நான் பேசும்போது முன் வரிசையில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதையும் கவனித்திருக்கிறேன்.

கேரித் தீவுத் தோட்டத்தில் எங்கள் சபைக்கு ஒரு கிளை ஜெபக்கூடம் இருந்தது. அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கும் வேலை செய்த ஆசீர்வாதம் என்பவரைப் போதகர் கண்டுபிடித்து சபைப் பிரசங்கியாராக்கினார். அவருக்கு எழுத்துத் தேர்வு வைக்கவில்லை, வாய்மொழியாகவே கேட்டுச் சேர்த்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆசீர்வாதம் முதல்முறை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து பேசியபோது பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். தோட்டத்துப் பேச்சுதான். 'நானு', 'வந்துகிட்டு' என்றுதான் பேசினார். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி சொன்னாள், "இண்டைக்குத்தான் அப்பா நான் ஒரு பிரசங்கம் கேட்டன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்தமுறை அவர் வந்தபோது அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சபை பாடிக்கொண்டிருந்த பாட்டு வேறு, அவர் கையில் திறந்திருந்த பக்கம் வேறு. ஆனால் ஒரு சொல் தவறாமல் பாடினார். ஆராதனைக்கு முன்பு, கோயிலுக்கு வெளியே, அவர் மனைவி எஸ்தர் வேதப்புத்தகத்தைப் பிடித்து வரி வரியாகச் சொல்ல, அவர் கண்ணை மூடி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது ஏன் என்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேச வேண்டிய பகுதியை வாரம் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வார்.

இது தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை பாரம்பரிய ஞாயிறு என்று கொண்டாடுவோம். சபைப் பிரசங்கிமாரை கௌரவிக்கும் நாளும் அதுதான். சபையைத் தொடங்கியவர்கள் கப்பலில் கொண்டுவந்த பெரிய வேதப்புத்தகத்தை அன்றைக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, பாட்டோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து பிரசங்க பீடத்தில் வைப்போம். அன்றைய பிரசங்கியார் அதிலிருந்துதான் வாசிக்க வேண்டும். வேறு புத்தகம் கூடாது, வேறு ஆள் வாசிக்கக் கூடாது. அந்த வருடம் ஆசீர்வாதம் பேசட்டும் என்று போதகர் சொன்னார். நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்துதான் முழங்காலில் நிற்க ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் தகுதியில்லாதவன் என்றால் சபை முன்பாக அதை வெளிப்படுத்தும்" என்பது என் ஜெபம். எவ்வளவு பக்தியான வார்த்தைகள், பாருங்கள்.

அட்டவணையில் அவருக்கு ஒரு சங்கீதம் போட்டிருந்தேன். சேற்றுக் குழியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டவனின் சங்கீதம். ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, பகுதி மாறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக வருகிற அதிகாரம். நன்றாகப் படித்தவனுக்கே நாக்குப் புரளாது.

பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாங்கள் இருவரும்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டியிருந்தார்.

"சார், நான் சங்கீதம்தான் தயார் பண்ணியிருக்கேன். அதையே சொல்லிடுறேனே."

"பாரம்பரிய ஞாயிற்றுக்கு இதுதான் பொருத்தம். இதை வாசிச்சிட்டு எதை வேணுமானாலும் பேசுங்க."

"வாசிக்கிறத மட்டும் வேற யாராச்சும்..."

"பிரசங்கியார்தான் வாசிக்கணும், பிரதர். இந்தச் சபையோட வழக்கம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. வாசிக்கத் தெரியாது சார் என்று அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அவர் பீடத்தில் ஏறினார். பகுதி மாறியதை நான்தான் சபைக்கு அறிவித்து, புத்தகத்தையும் அந்தப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். அவர் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். பேசவில்லை. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். நான் முன் வரிசையிலிருந்து எழுந்து, மிகவும் அன்பான குரலில், "இடது பக்கம், பிரதர். முதல் வசனம்" என்றேன். சிரிப்பு பரவியது.

அப்போது பெண்கள் பக்கத்தில் எஸ்தர் எழுந்து நின்றார். தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து முதல் வசனத்தைச் சத்தமாக வாசித்தார். தன் கணவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும் என்றுதான். அவரும் இரண்டு பெயர்களைச் சொன்னார். நான் திரும்பி, "அம்மா, உட்காருங்க. மேடையில இருக்கிறவர்தான் வாசிக்கணும்" என்றேன்.

எஸ்தர் உட்காரவில்லை. ஆசீர்வாதம்தான் இறங்கினார். நடு வழியாக நடந்து வெளியே போனார். எஸ்தர் பின்னால் போனார். அவர்களோடு தோட்டத்திலிருந்து லோரியில் வந்திருந்த முப்பது பேரும் எழுந்து போனார்கள்.

போதகர் திகைத்துப்போய் நின்றார். நான் பீடத்தில் ஏறி, அந்தப் பெயர்களையெல்லாம் பிழையில்லாமல் வாசித்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். லோரி டிரைவர் மூன்று மணிக்குத்தான் வருவதாக ஏற்பாடு. அதுவரை அந்த முப்பது பேரும் சாப்பிடாமல் வெயிலில் நின்றார்கள். ஜன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்கட சட்டைப் பைக்குள்ள பிரசங்கம் எப்பிடி வந்தது?"

அடுத்த ஞாயிற்றிலிருந்து அவள் முன் வரிசையில் என்னோடு உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். சாகும்வரை, பதினோரு வருடம், அங்கேதான் உட்கார்ந்தாள். என்னிடம் சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள். என் பிரசங்கத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

ஆசீர்வாதம் அதன்பிறகு தோட்டத்து ஜெபக்கூடத்தில்கூடப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் பேசாததால் ஆட்கள் குறைந்தார்கள். சில வருடங்களில் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அதை முடிவு செய்த கூட்டத்தின் குறிப்பையும் செயலாளராக நான்தான் எழுதினேன். 'போதிய வருகை இல்லாமையால்' என்று எழுதினேன்.

மனைவியை அடக்கம் செய்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. காலையில் முழங்காலில் நின்றால், பழைய ஜெபம்தான் காதில் கேட்டது. வேறு ஜெபம் வரவில்லை. கிள்ளான் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கேரித் தீவுக்குப் போனேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் எஸ்தர் நின்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன சார், இன்னொரு அதிகாரம் கொண்டாந்திருக்கீங்களா?"

ஆசீர்வாதம் உள்ளேயிருந்து, "வர விடு, புள்ள" என்றார். குலை விழுந்து அவர் தோள்பட்டை ஒடிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் ஜெபம் செய்ததையும், வேண்டுமென்றே பகுதியை மாற்றியதையும், பையில் தாள் வைத்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "அன்னைக்கு லோரியிலேயே மன்னிச்சிட்டேன். மன்னிக்கிறது கஷ்டமா இல்ல. ஆனா எந்திரிச்சு நின்னா வாய் வரமாட்டேங்குது. அந்தச் சிரிப்பு முன்னாடி வந்து நிக்குது."

அடுத்த பாரம்பரிய ஞாயிற்றுக்கு வரும்படி கெஞ்சினேன். நான் பக்கத்தில் நின்று வாசிக்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்றேன். மூன்று முறை போய்க் கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார். அன்று சபை முன்பாக நான் செய்ததைச் சொன்னேன். பலருக்கு அது சங்கடமாக இருந்தது. இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு மூப்பர் என் காதில் விழும்படியே சொன்னார். பிறகு சங்கீதத்தை வாசித்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு இடம் விட்டேன். அவர் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். காத்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வரல சார்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார். என் பரிகாரம் அவரை இரண்டாம் முறையும் அதே இடத்தில் அவமானப்படுத்தியது. அவ்வளவுதான் அது செய்தது.

அன்றுமுதல் எனக்கு ஒரே ஜெபம். அந்த வாயை நீர் திறவும், அதைக் கேட்காமல் என்னைக் கொண்டுபோகாதேயும். அந்த வருடக் கடைசியில் எனக்கு மாரடைப்பு வந்தது. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டேன்.

ஆறாம் நாள் மாலை, பார்வையாளர் நேரம். ஆசீர்வாதமும் எஸ்தரும் வந்தார்கள். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நலம் விசாரிக்கவில்லை. சாய்ந்த தோளோடு நேராக நிற்கப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். பேச ஆரம்பித்தார். அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்துக் கால்வாய்ச் சேற்றில் நெஞ்சுவரை புதைந்துபோன கதை. கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். வேலையை மேற்பார்க்கும் தண்டல், குலை அறுக்கும் நீளக் கழியைப் போட்டு இழுத்தாராம்.

"சேத்துல கெடக்கிறவனுக்குக் கையத் தூக்கத் தெரிஞ்சாப் போதும் சார். எழுத்துத் தெரியணும்னு கழியப் போட்டவரு கேக்கல."

பக்கத்துக் கட்டில் சீனர் வானொலியை நிறுத்தினார். நர்ஸ் வந்து, "அங்கிள், மெதுவா லா" என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்றுவிட்டாள். இருபது நிமிடம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் நிறுத்திய பிரசங்கம் அது. முடித்ததும், "ஆமென்" என்று எஸ்தர் சொன்னார்.

சபையிலும் இதைச் சொல்லுங்கள் என்று அழுதேன்.

"இல்ல சார். இது உங்ககிட்ட சொல்ல வேண்டியிருந்துச்சு. முடிஞ்சிருச்சு."

அவர் மறுபடி எங்கும் பிரசங்கம் செய்யவில்லை. மறு வருட மழைக்காலத்தில் காலமானார். நான் பிழைத்துக்கொண்டேன். ஒரு சபை முழுவதும் கேட்டிருக்க வேண்டிய பிரசங்கத்தைக் கேட்ட விசுவாசி, எஸ்தரைத் தவிர, நான் ஒருவன்தான். எழுதப் படிக்கத் தெரிந்த நான் அன்று ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை. நினைவில் நிற்பது மேலே எழுதிய அவ்வளவுதான்.

பிறகு நான் செயலாளர் பதவியை விட்டேன். விடுவதற்கு முன், பாரம்பரிய ஞாயிற்றில் பிரசங்கியாருக்காக வேறு எவரும் வாசிக்கலாம் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தேன், நிறைவேறியது. அந்த வருடம் எஸ்தரை வாசிக்கக் கூப்பிட்டோம். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். மதில் கட்டியவர்களின் அதிகாரம்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். பழைய புத்தகத்தின் முன் நின்று, முப்பத்திரண்டு வசனத்தையும் ஒரு பெயர் பிசகாமல் வாசித்தார். புத்தகத்தை மூடினார். முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "வாசிச்சிட்டேன் சார்" என்றார். பந்திக்கு நிற்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இப்போது நான் கடைசி வரிசையில், என் மனைவி இருந்த இடத்தில் உட்காருகிறேன். என்னைப் போன்றவனின் இரண்டாம் ஜெபத்தையும் தள்ளாமல் கேட்டவருக்கு ஸ்தோத்திரம். சகோதர சகோதரிகளே, அவர் கேட்கிறவர். நம்பிக் கேளுங்கள். ஆனால் ஒருவனைக் கீழே இறக்கும்படி கேட்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள்.