முன்கண்ணாடிச் சட்டத்தில் மெழுகு

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, காரின் முன்கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு. வண்டி கறுப்பு. ஆகவே கோடு வாசலிலிருந்தே தெரிந்தது.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். இரண்டு வருஷம் முன்பு என் அண்ணா டில்லியில் வேலை கிடைத்து, மன்னியையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போனபோது, காரைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் போனார். புறப்படுவதற்கு முந்தின நாள் வண்டி முழுவதும் மெழுகைக் கனமாகப் பூசினார். நான் துணியை எடுத்தபோது, "துடைக்காதே. கடல் காத்துக்கு அதுதான் சட்டை. காயட்டும்" என்றார். காய்ந்தது.

அண்ணாவின் தைக்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கொட்டகையை ஒட்டிய அறையில் நான் இருந்தேன். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்த ஊர் நிருபர். செய்தியைத் தபாலில் சேர்த்துவிட்டால் அன்றைக்குப் பேச ஆள் கிடையாது.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, அண்ணாவின் கார்டு வந்தது. வெள்ளி காலை ரயிலில் வருவதாகவும், பெட்ரோலுக்கு ஒரு நண்பர் மூலம் ஏற்பாடு செய்திருப்பதாகவும், காரைத் தயாராக வைக்கும்படியும், மெழுகு கண்ணில் படக்கூடாது என்றும் எழுதியிருந்தார். மன்னியைப் பற்றியோ குழந்தைகளைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆள் வர ஜட்கா போதும். கார் கேட்கிறார் என்றால் எல்லோரும் வருகிறார்கள், டில்லியை விட்டே திரும்பி வருகிறார்கள் என்று முடிவு செய்தேன். பத்திரிகைக்கு அனுப்பும் செய்தியாக இருந்தால் உறுதிப்படுத்தாமல் அனுப்பியிருக்க மாட்டேன்.

அகலமான இடங்களில் மெழுகு ஈரத்துணிக்கே வந்துவிட்டது. இடுக்குகள்தான் விடவில்லை. கண்ணாடிச் சட்டம், கதவுக் கீல், கைப்பிடியின் அடி, விளக்கு வளையத்தின் பின்புறம், என்ஜின் மூடியின் பக்கவாட்டுப் பிளவுகள். பேனாக்கத்தியை வைத்துப் பார்த்தேன். கீலுக்குக் கீழே பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தது. கத்தியை மூடி வைத்தேன். பிறகு தென்னை ஈர்க்கில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துப் பிழிந்து, ஒவ்வொரு இடுக்காக இழுத்தேன். பிளவுகளுக்கு வேப்பங்குச்சியின் நுனியை மென்று பிரஷ் ஆக்கிக்கொண்டேன். எண்ணெய்ப் பசை போக வெந்நீரும் சோப்பும். மண்ணெண்ணெயும் ரேஷன்தான். விளக்குக்கு வைத்திருந்ததை எடுத்ததால் இரண்டு நாள் மாலை ஆறரைக்கு மேல் அறையில் வெளிச்சம் இல்லை.

பக்கத்து டாக்டர் வீட்டு டிரைவர், நாகர்கோவில்காரர், வியாழக்கிழமை பாட்டரியை மாட்டி, டயருக்குக் காற்றடித்து, அண்ணாவின் நண்பர் அனுப்பிய பெட்ரோலை ஊற்றி, வண்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். பிறகு மதில்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாரே, இது காரா, பல்லா? ரெண்டு நாளா குச்சி வச்சுக் குத்திட்டே இருக்கியளே."

"நாளைக்கு எல்லாரும் வரா."

"எல்லாருமா? கார்டுல எழுதியிருக்கா?"

"எழுதணுமா என்ன?"

"பத்திரிகைக்காரரு சொன்னா செரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டைத் திறந்து, ஐந்து பேருக்கும் மெத்தைகளை உதறிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அண்ணா இரண்டாம் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு தோல்பையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

"மன்னி?"

"அவளுக்கு அங்கேயே பழகிப்போச்சு. குழந்தேளுக்கும் பள்ளிக்கூடம் இருக்கே. நான் எழுதலையா?"

"எழுதலை."

ஸ்டேஷன் வாசலில் நான் ஓட்டி வந்து நிறுத்தியிருந்த காரை ஒருமுறை சுற்றி வந்தார். கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் சுட்டுவிரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"நன்னா எடுத்திருக்கே. பத்து மணிக்குச் சாலைக் கடைவீதிலேர்ந்து ஒருத்தர் வண்டியைப் பாக்க வரார். சாயங்கால வண்டிக்கே நான் திரும்பணும்."

வந்தவர் சாலைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். என்ஜினைத் திறக்கச் சொல்லவில்லை. கீலுக்குக் கீழே இருந்த கீறலை மட்டும் குனிந்து பார்த்தார். இரண்டு வருஷமும் மெழுகு பூசி வைத்திருந்ததை அண்ணா சொன்னார்; விலைப் பேச்சு கால்மணி நேரத்தில் முடிந்தது.

"உங்களுக்குப் பெட்ரோல்?" என்று அண்ணா கேட்டார்.

"பெட்ரோல் எங்க சாமி கெடைக்கு? சண்டை முடியட்டும். அதுவரைக்கும் கடைக்குப் பின்னால கிட்டங்கில செங்கல்லு மேல ஏத்தி வச்சிர வேண்டியதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சின்ன சாமி, வண்டிக்குப் பூசுன அந்த மெழுகு மிச்சம் இருக்கா?"

அரை டப்பா இருந்தது. கொடுத்தேன்.